ஒருமுறை ஓடவிட்டு நேரம் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் ஒஸ்திரியப் பனிச்சறுக்கு வீரர் ஹெர்மன் மையரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 1998இல் நாகானோ ஒலிம்பிக்கில் தடுப்பு வலைகளைப் பிய்த்துக்கொண்டு போய் விழுந்தவர், மூன்றே நாளில் எழுந்து வந்து தங்கம் வென்றதையும், அந்த வாரத்திலேயே இன்னொரு தங்கம் எடுத்ததையும் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. ஆனால் அவருடைய மேசன் காலம் இரண்டே வரியில் போய்விட்டது. நான் மலையகத்தில், நோர்வூட் பக்கத்தில் மேசன் வேலை செய்கிறவன். அதனால்தான் எழுதுகிறேன்.

மையருக்கு 15 வயதில், ஷ்லாட்மிங் பனிச்சறுக்குப் பாடசாலையில் உடம்பு போதாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்து செங்கல் அடுக்கப் பழகினார். கோடையில் கட்டட வேலை, குளிர்காலத்தில் மற்றவர்களுக்குச் சறுக்கச் சொல்லிக்கொடுப்பது, இப்படியே வருஷங்கள் போயின. சீமெந்து மூட்டையைத் தோளில் வைத்து லயத்துப் படிகளில் ஏறியவர்களுக்குத் தெரியும், அந்த வேலை தொடையை எப்படி இறுக்கும் என்று.

1996 ஜனவரியில் அவருடைய ஊரான ஃப்ளாகாவில் உலகக் கிண்ணப் போட்டி நடந்தது. போட்டி தொடங்குமுன் பாதை சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சிலரைச் சறுக்கவிடுவார்கள். கணக்கில் சேராத ஓட்டம் அது. அப்படி ஓடியவர்களில் மையரும் ஒருவர். அவருடைய நேரத்தைப் பார்த்தால், போட்டியில் இருந்திருந்தால் 12ஆவது இடம்! அப்போது அவருக்கு 23 வயது. அடுத்த மாதமே உலகக் கிண்ணத்தில் இறங்கிவிட்டார். 54 வெற்றிகள், நான்கு முறை ஒட்டுமொத்தச் சம்பியன் பட்டம், 2001இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் போகும் நிலைக்குப் போய் 2003 ஜனவரியில் கிட்ஸ்பியூலில் மறுபடி வென்றது, எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நாம் முன்னோடி என்று சொல்கிறோமே, மையர் அன்று செய்தது அந்தச் சொல்லின் நேர் அர்த்தம்: முன்னால் ஓடினார். ஓடவிட்டதால்தான் தெரிந்தது.

என் மகளுக்கு 13 வயது. போன வருஷம் 1500 மீற்றர் ஓட்டத்துக்கான தெரிவுக்குப் போனாள். வரிசையில் நிற்கவைத்து ஆள் பார்த்தார்கள். “இந்த உடம்போட ஓடுவியா, அடுத்த வருஷம் வா” என்று சொல்லிவிட்டார்கள். ஓடவிடவேயில்லை. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய சப்பாத்தைத் துடைத்து, அதே பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். அடியில் மண்கூட ஒட்டியிருக்கவில்லை. அன்றைக்கு இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இது என் பிள்ளையின் கதை மட்டுமில்லை. இலங்கையின் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 31 பேருக்கு மேல் வயதுக்கேற்ற உயரம் இல்லை. நாடு முழுவதற்கும் அது 17 அளவில்தான். அன்றைய அந்தப் பிள்ளைகள்தான் இன்று தெரிவு வரிசையில் நிற்கிறார்கள். ஆள் பார்த்து எடுத்தால் நம் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கை ஓடுமுன்னே கழித்துவிடுகிறோம். வளர்த்தி பிந்தியதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்?

வலய மட்டப் போட்டிகளை நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. காலையில் போட்டி தொடங்குமுன், தெரிவாகாத பிள்ளைகளையும் அதே மைதானத்தில் ஒருமுறை ஓடவிடுங்கள். பதக்கம் வேண்டாம், சான்றிதழ் வேண்டாம். நேரத்தைக் குறித்து, பெயரோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அப்புறம் அடுத்த வருஷம் அந்தக் கொப்பியைத் திறந்து பாருங்கள். ஒரு விசிலும் ஒரு ஸ்டொப்வோட்ச்சும் போதும்.

இந்த வருஷத் தெரிவுகளுக்கு முன்பே இதைப் பிரசுரித்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மேசன் வாசகர் ஒருவர்,
நோர்வூட்.