கார்புரேட்டரை மாற்றும் முன் டேங்க் மூடியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எத்தனால் கலந்த பெட்ரோலால் பழைய பைக்குகள் பாழாகின்றன என்று பலரும் சொல்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எங்கள் பக்கம் எந்த வண்டி நின்றாலும் பழியை அதன்மேல் போட்டுவிட்டு, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரைப் புதிதாக வாங்கச் சொல்லித் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

நான் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுபவன். 2003-ல் வாங்கிய ஸ்பிளெண்டர் பைக்தான் எனக்குக் கால். விடியும் முன்னே மரத்தடியில் நிற்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். போன மாதம் பேச்சிப்பாறை ரோட்டில் நான்கைந்து கிலோமீட்டர் போனதும் வண்டி திணறித் திணறி நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்து உதைத்தால் ஓடும், அப்புறம் மறுபடி நிற்கும். ஒர்க்‌ஷாப்பில் கார்புரேட்டரைக் கழுவினார்கள், பிளக் மாற்றினார்கள். கடைசியில் புதுக் கார்புரேட்டருக்கு 2,400 ரூபாய் கேட்டார்கள். அது எனக்குப் பல நாள் கூலி.

மறுநாளும் வழியில் நின்றது. பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்தேன். ‘உஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தது. உதைத்தேன், உடனே பிடித்துக்கொண்டது. பால் கேனை டேங்க்மேல் வைத்துத்தான் கொண்டுபோவேன். அதிலிருந்து சொட்டிய பால் மூடியின் காற்றுத் துவாரத்தில் உறைந்து கிடந்தது. குண்டூசியால் கிளறி இழுத்தேன். நூல் மாதிரி நீளமாக வந்தது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. நிறுத்திப்போட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று கசிந்து ஏறும். பத்து நிமிடத்தில் வண்டி ஓடியது அதனால்தான்.

குறை எங்கே என்று பார்ப்பதற்கு வழி இருக்கிறது. எஞ்சின் ஆறியபின், பக்கத்தில் பீடி, நெருப்பு இல்லாமல், கார்புரேட்டர் கிண்ணத்தின் அடி ஸ்குரூவைத் தளர்த்தி, வரும் பெட்ரோலை ஒரு பாட்டிலில் பிடியுங்கள். விடாமல் கம்பியாக விழுந்தால் டேங்கிலிருந்து வரும் வழி சரி. சொட்டாகக் குறைந்து, மூடியைத் திறந்ததும் மறுபடி கம்பியாக விழுந்தால் குறை மூடியில். திறந்தும் சொட்டுத்தான் என்றால் பெட்ரோல் டேப்பிலோ ஃபில்டரிலோ துருவோ அழுக்கோ அடைத்திருக்கலாம். பாட்டில் அடியில் தனியாகப் பிரிந்து நின்றால் தண்ணீர். இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டம் இது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் மிஞ்சினால் அதோடு சேர்ந்து அடியில் தங்கும். பெட்ரோல் டேப்பை ரிசர்வில் போட்டால் முதலில் வருவதும் அந்த அடித்தங்கல்தான்.

2020-க்குப் பிறகு வந்த வண்டிகள் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சிக் கொடுக்கும் இன்ஜெக்‌ஷன். புதிதாக வேலை பழகும் பிள்ளைகள் கார்புரேட்டரைத் தொடுவதே குறைவு, அவர்களைக் குறை சொல்லவில்லை. நாகர்கோவில் கோணம் அரசு ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) போன்ற இடங்களில் இந்தப் பாட்டில் சோதனையை ஒரு நாள் செய்து காட்டச் சொல்ல வேண்டும். மெக்கானிக் தம்பிகளும் விலை சொல்லும் முன் அந்தப் பாட்டிலை வண்டிக்காரரிடம் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.