‘பொடி’ என்ற ஒரு சொல்லைப் பற்றி

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் மகள் என் இணைய வாசிப்பு வகுப்பிலிருந்து நின்று இன்றோடு ஓராண்டு ஆகிறது. பிறரும் படிக்கும் கடிதம் என்பதால் அவளுடைய பெயரையோ வயதையோ எழுதவில்லை.

அன்றும் வழக்கம்போல் முதல் பத்து நிமிடம் பழைய பாடம்தான். கொம்பு எழுத்துக்கு முன்னால் நின்றாலும் அதன் ஒலி பின்னால்தான் வரும் என்பதை மூன்று வாரங்களுக்கு முன்பே அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். கொம்பும் காலும் சேர்ந்தால் ‘ஒ’ என்பதையும் சொல்லிக்கொடுத்திருந்தேன். அட்டைகளின் வரிசையை அன்றுதான் முதன்முறையாகக் கலைத்தேன். திரையில் ‘பொடி’ வந்தது. “பெ...” என்று தொடங்கியவள் துணைக்காலைக் கண்டதும் திகைத்து நின்றாள், பார்வை பக்கவாட்டில் போனது. உங்கள் குரல் மெல்லக் கேட்டது, அதன் பிறகே அவள் குரல் வந்தது: “பொடி.”

“இன்னொரு முறை” என்றேன். ‘தொடு’, ‘மொழி’, மறுபடியும் ‘பொடி’. பத்து நிமிடம் இருபதாயிற்று. அவள் கேமராவை அணைத்துவிட்டாள்.

“தெரிந்ததையே எத்தனை நாள் படிப்பது?” என்று கேட்டீர்கள். கற்றது நாளடைவில் கரைந்துபோவதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் தம்மையே சோதித்து 1885-இல் எழுதியதைப் பதிலாகச் சொன்னேன். சொன்னது தவறன்று, அவள் காதுபடச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். வாரக்கணக்கில் ஒரே அட்டைகளை ஒரே வரிசையில் காட்டி, அவள் வரிசையை மனப்பாடம் செய்ததை வாசிப்பு என்று நம்பியதும் என் பிழைதான். பழைய எழுத்துகளைப் புதிய சொற்களில் வைத்துக் கேட்டிருந்தால் அந்த இடைவெளி முன்பே தெரிந்திருக்கும், எல்லாம் ஒரே நாளில் அவள் தலையில் விழுந்திருக்காது. ஆனால், அதற்கு முந்தைய வாரங்களில் நான் “சபாஷ்” சொன்னதெல்லாம் யாருடைய விடைக்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது; அதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துத்தான் வாசிப்பாள். விரல் எனக்குத் தெரியாது; நகம் திரையில் படும் ‘டக்’ ஓசை மட்டும் கேட்கும். அன்று ‘பொடி’க்கு அந்த ஓசை இரண்டு முறை கேட்டது, நான்தான் காத்திருக்கவில்லை.

மீண்டும் வருவதானால், அவளுக்கு நன்றாகத் தெரிந்த ‘பெட்டி’யிலிருந்து தொடங்குகிறேன், பழைய பாடத்துக்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் நீங்கள் அடுத்த அறையில் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அவளுடைய பழைய ஆசிரியை