முதலில் வாங்கியவர்கள் மீண்டும் வரட்டும்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. மன்னார்குடியில் அப்பாவும் நானும் நலம். உன் நலம் அறிய ஆவல். பொங்கலுக்கு முன்பாக விளம்பரத்துக்குப் பெரிய தொகையைச் செலவிடப் போவதாகவும், பாரம்பரிய அரிசி விற்கும் நம் இணையக் கடையில் இன்னும் இருபது பொருள்களைச் சேர்க்கப் போவதாகவும் சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொன்னாய். நீ உற்சாகமாக இருந்ததால் அப்போது நான் குறுக்கிடவில்லை. நிதானமாக எழுதினால்தான் முழுவதையும் சொல்ல முடியும் என்று தோன்றியது. இரண்டுமே இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. ஏன் என்பதைச் சொல்கிறேன்; படித்துவிட்டு உனக்குச் சரியென்று படுவதைச் செய்.

நீ அனுப்பிய ஆர்டர் பட்டியலைப் பெயர்வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரே ஒரு முறை வாங்கியவர்களின் பெயர்கள்தான் அதில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அரிசி ஒருவர் வாழ்நாளில் ஒருமுறை வாங்கும் பொருள் அன்று. ஒரு கிலோ வாங்கிய குடும்பம் அடுத்த மாதம் மீண்டும் வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை என்றால் அவர்கள் வீட்டு அடுப்படியில் ஏதோ நடந்திருக்கிறது. உன் தாத்தா பந்தலடியில் மண்டி வைத்திருந்தபோது, வழக்கமாக வருபவர் ஒரு மாதம் வராவிட்டால் ஆள் அனுப்பி விசாரிப்பார். நமக்கு ஆளே அனுப்ப வேண்டாம், கையில் எண் இருக்கிறது. அவர்களில் சிலரை நானே அழைத்துப் பேசினேன். எதையும் விற்கப் பேசவில்லை, அரிசி எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டேன். யாரும் கோபப்படவில்லை; இப்படிக் கேட்பதற்கு ஒருவர் இருக்கிறாரே என்று பலர் மகிழ்ந்தார்கள்.

அவர்கள் சொன்னவற்றில் உனக்கு மிகவும் பயன்படக்கூடியது கருப்புக் கவுனி அரிசியைப் பற்றியது. சென்னையிலிருந்து ஒரு பெண்மணி, அரிசியைக் கழுவியதும் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் இறங்கியதைக் கண்டு, சாயம் ஏற்றிய அரிசி என்று நினைத்து அப்படியே கொட்டிவிட்டதாகச் சொன்னார். இன்னொருவர் வெள்ளை அரிசியைப் போலவே ஊறவைக்காமல் குக்கரில் மூன்று விசில் விட்டிருக்கிறார். பல்லில் நறநறவென்று கடிபட்டதும் பையை மூடி வைத்துவிட்டார். இருவர் மீதும் தவறில்லை. கவுனியை இரவு முழுவதும் ஊறவைக்க வேண்டும் என்பதும், அந்த நிறம் தவிட்டிலேயே உள்ள ஆந்தோசயனின் என்னும் இயற்கை நிறமி என்பதும், ஊறவைத்த நீரிலேயே வேகவிட்டால் நிறமும் சத்தும் வீணாகாது என்பதும் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நம் கடைப் பக்கத்தில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. 'பாரம்பரியத்தின் சுவை, ஆரோக்கியத்தின் அடையாளம்' என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்து யாரால் சோறு வடிக்க முடியும்?

ஆகவே ஒவ்வொரு அரிசியின் பக்கத்தையும் சமைப்பவரின் கண்ணால் பார்த்துத் திருத்தி எழுது. எவ்வளவு நேரம் ஊற வேண்டும், ஒரு பங்கு அரிசிக்கு எத்தனை பங்கு தண்ணீர், எத்தனை விசில், சோற்றுக்கு ஏற்றதா கஞ்சிக்கும் இட்லிக்கும் ஏற்றதா என்பவற்றை முதல் நான்கு வரிகளிலேயே சொல்லிவிடு. அதே வரிகளைப் பைக்குள் வைக்கும் சிறு தாளிலும் அச்சிடுவோம். ஊறும் நீரின் நிறத்தைப் புகைப்படமாகவே போட்டுவிடு. மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் இதையே செய். தூயமல்லிக்கு அவ்வளவு விளக்கம் தேவைப்படாது, அது வெள்ளரிசி உண்பவர்களுக்கும் எளிதில் பழகிவிடும். முதன்முறையாகப் பாரம்பரிய அரிசிக்கு வருகிறவர்களுக்குத் தூயமல்லியையே முதலில் காட்டு என்பதும் என் யோசனை. இப்போது முகப்பில் கவுனியை நிறுத்தியிருக்கிறாய். பார்வைக்கு அது அழகுதான், ஆனால் புதியவருக்குக் கடினமான அரிசி அதுவே.

எழுதும்போது ஒன்றில் மிகவும் கவனமாக இரு. சர்க்கரை நோய் தீரும், புற்றுநோய் வராது என்றெல்லாம் மற்றவர்கள் எழுதுவதைப் பார்த்து நீயும் எழுதிவிடாதே. உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவின்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மாத்திரையை நிறுத்திவிட்டு நம் அரிசியை நம்பி ஒருவர் இருந்துவிட்டால், அந்தப் பாவத்தை நாம் எங்கே போய்க் கழுவுவது? சொல்வதற்கு நம்மிடம் உண்மையே நிறைய இருக்கிறது. பாரம்பரிய நெல் விதைகளை மீட்டெடுத்த நெல் ஜெயராமன் ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கி, மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுத்துத்தான் அப்பா இந்தச் சாகுபடியைத் தொடங்கினார். இதை எழுது. எந்த வயலில், எந்தப் பட்டத்தில் விளைந்தது என்பதை எழுது.

வாங்கியவர்கள் சொன்ன அடுத்த குறை வண்டு. தீட்டாத அரிசியில் தவிடு இருப்பதால் நாளானால் காறல் வாடையும் வரும், வண்டும் வரும்; அதனால் அரைத்து மூட்டை கட்டி அடுக்கி வைக்கும் பொருள் இது இல்லை. நம் முன்னோர் குதிரிலும் பத்தாயத்திலும் நெல்லாகவே வைத்திருந்து, வேண்டும்போது மட்டும் அரிசியாக்கினார்கள். நாமும் இருப்பை நெல்லாகவே வைப்போம். மாதத்துக்கு இரண்டு தடவை, வந்த ஆர்டரையும் வரக்கூடியதையும் கணக்கிட்டு மில்லுக்கு அனுப்பினால் போதும். நெல்லின் ஈரப்பதம் பதினான்கு சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அப்பா கருவியை நம்பாமல் இன்னமும் ஒரு நெல்லைக் கடித்து, அது 'நறுக்'கென்று முறிகிறதா என்று பார்த்துத்தான் சாக்கில் கட்டச் சொல்கிறார். அரைத்த தேதியைப் பையின் மேல் பெரிதாக அச்சிட வேண்டும். விலை, எடை, முகவரி போன்றவை சட்டப்படி எப்படியும் இருக்க வேண்டியவை. அரைத்த தேதியைத்தான் வாங்குபவர் விரும்பிப் பார்ப்பார்.

இதிலிருந்துதான் பொங்கல் விளம்பரம் வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தேன். மாப்பிள்ளைச் சம்பாவும் கவுனியும் நீண்ட நாள் பயிர்கள். தை மாதத்தில்தான் களத்துக்கு வரும். மார்கழியில் நம் இருப்பு அடிமட்டத்தில் இருக்கும், புது நெல் வயலில் நின்றுகொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் கோத்த காற்றைத் தாங்கிய பழைய நெல்லின் கடைசிப் பகுதியைத்தான் அப்போது நாம் புதியவர்களுக்கு அனுப்ப நேரிடும். அவசரப்பட்டுப் புது நெல்லை அரைத்தாலும் பொங்கல் வைக்கப் புத்தரிசி உகந்ததே தவிர, அன்றாடச் சோற்றுக்கு அது குழைந்துவிடும். நம்மை முதன்முறையாகப் பார்க்கிறவர்களைப் பொருள் மிக நலிந்திருக்கும் மாதத்தில் பணம் கொடுத்து அழைக்கலாமா? செலவிட்டே ஆக வேண்டும் என்றால் சித்திரை, வைகாசியில் செலவிடு. நெல் சில மாதம் பழகியிருக்கும், இருப்பும் நிறைந்திருக்கும். கையில் இருக்கும் பணம் தை, மாசியில் நெல் வாங்குவதற்கே வேண்டியிருக்கிறது என்பதையும் மறந்துவிடாதே. ஆண்டு முழுவதும் விற்கப்போகும் சரக்கை அந்த இரண்டு மாதங்களுக்குள் வாங்கி முடித்தாக வேண்டும். பக்கத்து வயல்காரர்கள் நம்மை நம்பித்தான் வியாபாரிக்குக் கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தரவேண்டிய பணம் விளம்பரத்தில் போய்விடக் கூடாது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஒரு கிலோவை 200 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். நெல், அரவை, பை, கூலி எல்லாம் சேர்ந்து 120. பையில் அடைத்துப் பெயர் ஒட்டிய அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் ஐந்து சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. அந்த 200-க்குள் வரி மட்டும் 9 ரூபாய் 52 காசு. கார்டில் செலுத்துபவரிடம் வாங்கித் தரும் நிறுவனத்துக்கு இரண்டு சதவீதமும் அதன்மேல் பதினெட்டு சதவீத வரியும் என்றால் 4 ரூபாய் 72 காசு. கூரியருக்கு 60. மிஞ்சுவது 5 ரூபாய் 76 காசு. இதில் ஓர் ஆர்டரைக் கொண்டுவர விளம்பரத்துக்கு நாற்பது ரூபாய் கொடுத்தால், ஆர்டர் கூடக் கூட நஷ்டமும் கூடும். அதே ஆள் ஒரே பெட்டியில் மூன்று கிலோ வாங்கினால் கூரியர் செலவு மும்மடங்காவதில்லை. இரண்டாம் முறை தானாக வந்தால் விளம்பரச் செலவும் இல்லை. நமக்கு லாபம் வரக்கூடிய இடம் இந்த இரண்டு மட்டும்தான். ஆகையால் ஒரு கிலோவுக்கு இலவச டெலிவரி என்று அறிவித்திருப்பதை எடுத்துவிட்டு, அதை மூன்று கிலோவுக்கு மேல் வாங்குபவர்களுக்கு வைத்துக்கொள்.

அவலையும் பார். கூரியர்காரர்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எண்ணையும், தராசு காட்டும் எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குத்தான் பணம் வாங்குகிறார்கள். நாம் அவலை அனுப்பும் பெட்டி 30-க்கு 25-க்கு 20. பெருக்கினால் 15,000, வகுத்தால் மூன்று. ஒரு கிலோ அவலுக்கு மூன்று கிலோவுக்கான கட்டணத்தைக் கொடுத்து வருகிறோம். அரிசி கனமான பொருள் என்பதால் அதில் இந்தத் தொல்லை தெரியவில்லை. அவலுக்குத் தனியாகச் சிறிய பெட்டி சொல்லியாக வேண்டும். இருபது புதுப் பொருள்கள் சேர்த்தால் இப்படி இருபது பெட்டிக் கணக்கும், இருபது அரைத்த தேதியும், இருபது சமையல் குறிப்பும் சேரும் என்பதை நினைத்துப் பார். கட்டுவது நானும் பக்கத்து வீட்டு இரண்டு பெண்களும்தான்.

பார்சலைப் பெற்றுக்கொண்டு பணம் தருவதாகச் சொல்லிவிட்டு வாங்காமல் திருப்பி அனுப்புகிறவர்களால் போகவும் வரவும் நாமே கூலி கொடுக்கிறோம். அனுப்பும் முன் வாட்ஸ்அப்பில் ஒரு வரி கேட்டு உறுதி செய்துகொள். யுபிஐயில் முன்கூட்டியே செலுத்துபவருக்குச் சிறிது தள்ளுபடி கொடு.

சென்ற மாதம் நீ படங்களையும் மாற்றினாய், விலையையும் குறைத்தாய், இலவச டெலிவரியையும் அதே வாரத்தில் அறிவித்தாய். ஆர்டர் கொஞ்சம் கூடியது. எதனால் கூடியது என்று உன்னாலும் சொல்ல முடியவில்லை, என்னாலும் சொல்ல முடியவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றிய தேதியை நோட்டில் குறித்து வை. நம் அளவுக்கு வாரம் பத்து ஆர்டர் பதின்மூன்று ஆவது தற்செயலாகவும் நடக்கும், ஆகவே ஒரு வாரத்தில் முடிவு கட்டாமல் ஒரு மாதமாவது பொறுத்திரு. எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, கூடையில் போட்டவர்களில் எத்தனை பேர் பணம் கட்டாமல் திரும்பினார்கள் என்பதைப் பார். பணம் கட்டும் இடத்தில்தான் டெலிவரித் தொகை முதன்முதலாகக் கண்ணில் படுகிறது என்றால், அதை அரிசியின் பக்கத்திலேயே சொல்லிவிடுவது நேர்மையும்கூட.

இணைய முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்தாயா? தளத்தை அமைத்துக் கொடுத்தவர் பெயரில் இருந்தால் உடனே உன் பெயருக்கு மாற்றிக்கொள். நம் உறவில் ஒருவர் சேலை வியாபாரம் முழுவதையும் ஒரு சமூக ஊடகப் பக்கத்திலேயே நடத்தி வந்தார். ஒருநாள் அந்தக் கணக்கு முடங்கிவிட்டது, வாங்கியவர்களின் எண்கள்கூட அவரிடம் தனியாக இல்லை. வாங்கியவர்கள் பட்டியலை மாதந்தோறும் இறக்கி வேறோர் இடத்திலும் வைத்துக்கொள். செய்தி அனுப்பச் சம்மதித்தவர்களுக்கு மட்டும் அனுப்பு, அதையும் அளவோடு அனுப்பு.

புகார் வந்தால் பதில் சொல்ல நேரமில்லை என்று நீ தள்ளிப்போடுவதும் எனக்குத் தெரியும், நாள் முழுவதும் அலுவலகத்தில் இருக்கிறாய். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்கச் சொல்கின்றன. நாம் அன்றே தெரிவிப்போம். கடை எண்ணை என் கைபேசிக்கு மாற்றிவிடு. பகலில் நான் பேசுகிறேன், பணம் திருப்பித் தர வேண்டியவற்றை மட்டும் உனக்கு எழுதி வைக்கிறேன். வண்டு விழுந்தது என்று ஒருவர் சொன்னால் படம் அனுப்பச் சொல்லி வாதிடாதே. புதுப் பை அனுப்பிவிட்டு எந்தத் தேதியில் அரைத்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்.

கவுனிப் பக்கத்தின் புதிய வாசகத்தை இந்த வாரமே எழுதி அனுப்பு. நானும் அப்பாவும் அதன்படியே ஒருமுறை சமைத்துப் பார்த்துத் திருத்தி அனுப்புகிறோம். அவல் பெட்டிக்கு 24-க்கு 18-க்கு 10 என்ற அளவு போதுமென்று தோன்றுகிறது. அது ஒரு கிலோ எடைக்குள் அடங்குகிறது. நீயும் கணக்குப் போட்டுப் பார்த்துச் சொன்னால் திங்கட்கிழமை பெட்டிக்காரரிடம் சொல்லிவிடுவேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா