புதர்க்காட்டுக்கு ஓர் எல்லைக்கோடு: தமிழகப் பல்கலைக்கழக ஆட்சிக்குழுக்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். உங்கள் பொறுப்பில் இருக்கும் நிலத்தைப் பற்றி ஒரு வேண்டுகோளை முன்வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். வளாக வரைபடத்தில் ‘காலி இடம்’ என்று குறித்திருக்கும் புதர்க்காட்டையும் புல்வெளியையும் அளந்து எல்லையிடுங்கள். அந்த எல்லைக்குள் எதையும் கட்டுவதில்லை, எதையும் நடுவதில்லை என்று தீர்மானம் நிறைவேற்றுங்கள்.

மரம் நடக்கூடாது என்று ஒரு தாவரவியல் ஆசிரியரே சொல்வது உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் இந்நிலத்தின் இயல்பிலேயே இருக்கிறது. சோழமண்டலக் கடற்கரைக்கு உரிய காடு, வீரையும் காசாவும் காட்டெலுமிச்சையும் உலக்கைப்பாலையும் நெருங்கி நிற்க, முள்ளும் கொடியும் அவற்றைப் பின்னிக் கிடக்கும் குட்டையான காடு. கோடையிலும் இலை உதிர்ந்து மொட்டையாகாத இக்காடு, பெரும்பாலும் புதுச்சேரிக்கு வடக்கே உள்ள புத்துப்பட்டு போன்ற கோயில் காடுகளில்தான் இன்று துண்டுதுண்டாக எஞ்சியிருக்கிறது. உள்நாட்டுக்கு வந்தால் உசில், வெள்வேல், கிளுவை, ஆவாரை என்று முட்புதரும் புல்லும் கலந்த நிலம். பதிவேடுகள் இவற்றைத் தரிசு என்கின்றன. ஆனால் ஆட்காட்டியும் வானம்பாடியும் தரையில்தான் முட்டையிடுகின்றன. பஞ்சுருட்டான் மண்கரையைக் குடைந்து கூடமைக்கிறது. கிண்டிக் காட்டை ஒட்டி 1959-இல் தொடங்கப்பட்ட சென்னை ஐஐடி வளாகத்தில் மாணவர்கள் நடந்துபோகும் வழியிலேயே மான்களைப் பார்க்க முடிகிறது. அவற்றுள் புள்ளிமான் மரநிழலிலும் வாழ்ந்துவிடும், வெளிமான் அப்படியன்று. அதற்குத் தொலைவு தெரியும் திறந்த புல்தரை வேண்டும். அப்புல்தரையில் நல்லெண்ணத்தோடு மரங்களை நட்டாலும் அதன் வீட்டைப் பறித்தவர்களே ஆவோம்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு கல்லூரியில், தரமதிப்பீட்டுக் குழு வருவதற்கு இரண்டு வாரம் இருக்கையில், விடுதிக்குப் பின்னால் இருந்த நான்கு ஏக்கர் புதரை ஜேசிபி வைத்து ஒரே பகலில் வழித்துவிட்டார்கள். முதலாண்டு மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் நான் முதலில் அழைத்துப்போகும் இடம் அது. களா, சூரை, அழிஞ்சில் ஆகியவற்றைப் புத்தகப் படத்தில் பார்ப்பதற்கு முன்பே அங்கே தொட்டும் கீறல்பட்டும் அவர்கள் அறிந்துகொண்டார்கள். வழித்துப்போட்ட மண்ணுக்கு மேலே ஓர் ஆட்காட்டி இணை மூன்று நாள் கத்திக்கொண்டே சுற்றியது. பிறகு அங்கே கொரியன் புல் விரித்து, கோனோகார்பஸ் என்னும் அயல்நாட்டு அழகுமரத்தை வரிசையாக நட்டு, நாளுக்கு இருமுறை தண்ணீர் விட்டார்கள். ஆண்டறிக்கையில் அது பசுமைப் பரப்பாகப் பதிவாயிற்று. அன்று எழுத்தில் ஓர் எதிர்ப்புக்கூட நான் தெரிவிக்கவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

வேறு விதமாகவும் நடக்க முடியும் என்பதற்குத் தாம்பரமே சான்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் அங்கே இடம்பெயர்ந்தபோது, வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்டு பார்ன்ஸ் அவ்வளாகத்தின் மரஞ்செடிகளைப் பேணுவதைத் தம் பணியாகவே ஏற்றுக்கொண்டார். அந்த 365 ஏக்கரில் இன்றும் புதர்க்காடு நிற்கிறது; அதற்குள்ளேயே விலங்கியல் மாணவர் ஆய்வு செய்கிறார். ஆனால் ஒரு பேராசிரியரின் ஈடுபாட்டை மட்டும் நம்பி ஒரு காட்டை விட்டுவிட முடியாது. அவர் ஓய்வுபெற்ற மறுநாள் புதிய கட்டடத்துக்கு இடம் தேடுபவரின் கண் அங்கேதான் விழும். அதனால்தான் தீர்மானம் வேண்டும் என்கிறேன்.

தீர்மானத்துக்குப் பின் செய்யவேண்டியவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. சருகைக் கூட்டி எரிப்பதை நிறுத்தினாலே மண்ணுக்குப் பாதி உயிர் திரும்பிவிடும். ஓடைகளையும் ஏரிக்கு நீர் கொண்டுபோகும் வரத்துக்கால்களையும் மண்போட்டு மூடாமல் விடவேண்டும். காட்டுப்பகுதிச் சாலைகளில் இரவெல்லாம் எரியும் விளக்குகளைக் குறைக்கவேண்டும். சீமைக் கருவேலத்தை அகற்றத்தான் வேண்டும். ஆனால் அதன் அடியிலேயே நம் மரங்களின் கன்றுகள் முளைத்திருக்கக்கூடும் என்பதால், இயந்திரத்தால் மொத்தமாகப் பிடுங்காமல் ஆள் வைத்துப் பகுதி பகுதியாக வெட்டவேண்டும். எங்கே எது முளைக்கும், எந்தப் புல்லை ஆடு தின்னாது என்பதையெல்லாம் பக்கத்து ஊரில் ஆடு மேய்ப்பவர் உங்கள் ஆலோசகரைவிட நன்றாக அறிவார். அவரையும் அழைத்துக் கேளுங்கள்.

இதில் பல்கலைக்கழகத்தால் மட்டுமே செய்யக்கூடிய ஒன்று உண்டு. நூறு சதுர மீட்டர் அளவில் சில நிலைத்த ஆய்வுக்கட்டங்களை அமைத்து, ஆண்டுதோறும் வரும் முதுநிலை மாணவர்கள் அதே இடத்தில் அதே முறையில் தாவரங்களையும் பூச்சிகளையும் கணக்கெடுத்தால், இருபது ஆண்டில் இந்த மண்ணைப் பற்றி வேறு எவரிடமும் இல்லாத பதிவு உங்களிடம் இருக்கும். இன்று ஒவ்வொரு மாணவரும் புதிதாக ஒரு தலைப்பைத் தேடி, ஆறு மாதத்தில் முடித்து, ஆய்வேட்டை அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறார். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டப்படி அந்தந்தப் பகுதியின் உயிரினங்களைக் குறித்துவைக்க உள்ளாட்சிகள் தயாரிக்கவேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுக்கும் இந்தப் பதிவு உதவும். அதே சட்டத்தின்கீழ்தான் மதுரை அருகே அரிட்டாபட்டி 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது.

அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தின் பொருள்நிரலில் இதைச் சேர்க்குமாறு வேண்டுகிறேன். நில அளவையாளரோடு உங்கள் தாவரவியல், விலங்கியல் துறை ஆசிரியர்களையும் அனுப்பி, வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் எல்லையைக் குறித்துவிடுங்கள். மழைக்குப் பின் வரப்போகும் முளைகள் கோட்டுக்கு உள்ளே இருக்கவேண்டும்.

பணிவுடன்,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர்