கோமதிக்கு, அடுத்த புத்தகம் பற்றி

அன்புள்ள கோமதி,

இங்கே எல்லாரும் நலம். உன் மகள் தேர்வு எப்படி எழுதினாள், உன் மாமியாருக்கு முழங்கால் தேவலையா என்பதையெல்லாம் அடுத்த கடிதத்தில் ஆற அமரக் கேட்கிறேன். இப்போது எனக்கு உன் ஓட்டு வேண்டும், அதுவும் சீக்கிரம்.

நம் வாசகர் வட்டத்தில் ஒரு ரகளை நடந்துவிட்டது. போன கூட்டத்தில் எல்லாரும் வந்து உட்காருவதற்குள் பெரியவர் அந்த மாத நாவலில் கொலைகாரன் யார் என்று போட்டு உடைத்துவிட்டார். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, வேண்டுமென்று செய்கிறவர் இல்லை. புத்தகம் பிடித்துப்போய்விட்டால் அவரால் அடக்கிக்கொள்ள முடியாது. ஆனால் சின்னவள் இன்னும் கடைசி அத்தியாயங்களைப் படிக்கவில்லை. பக்க ஓரமெல்லாம் பென்சிலால் கேள்விக்குறி போட்டு, யார் யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார்கள் என்று பின் அட்டையில் கட்டம் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். ஒரு வார்த்தை பேசாமல் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எனக்கு மனசே ஆறவில்லை.

அப்புறம் ஆளுக்கொரு நியாயம். முழுக்கப் படித்தவர்கள் மட்டும் கூட்டத்துக்கு வரட்டும் என்கிறார் டாக்டர் அம்மா. தாடிக்காரர் ஒரேயடியாக, இனி மர்ம நாவலே வேண்டாம் என்கிறார். யார் செய்தது என்று தெரிந்துவிட்டால் அப்புறம் பேச என்ன இருக்கிறது என்பது அவருடைய வாதம். பேச நிறைய இருக்கிறது என்று அங்கேயே சண்டை போட்டேன். நீ இருந்திருந்தால் என்னைவிடச் சத்தமாகப் போட்டிருப்பாய். உன் குரலுக்கு அவர் பயப்படுவார், எனக்குப் பயப்படுவதில்லை.

முடிவு தெரிந்ததும் செத்துப்போகிற நாவலை நாம் எடுக்கவே கூடாது, கோமதி. முடிவு தெரிந்த பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பினால் அங்கே இருக்கிற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வேறு முகம் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட புத்தகமாகத் தேடித்தான் இந்த மாதம் முழுக்க அலமாரியைக் குடைந்துகொண்டிருக்கிறேன்.

பேராசிரியருக்கு 'தி மூன்ஸ்டோன்' வேண்டும். வில்கி காலின்ஸ் 1868இல் எழுதியது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது ஓர் ஆங்கிலேய அதிகாரி கொள்ளையடித்த வைரம், பிறகு இங்கிலாந்தில் ஒரு பெண்ணின் பிறந்தநாள் இரவில் காணாமல் போகிறது. நடந்ததை ஒவ்வொருவராக எழுதிக்கொண்டே போகிறார்கள். முதலில் வருகிற கிழட்டுக் காரியஸ்தருக்கு 'ராபின்சன் குரூசோ'தான் வேதம். எந்தக் குழப்பம் வந்தாலும் அதைப் பிரித்துப் பார்ப்பார். எனக்கு உயிர் அந்தப் புத்தகம். ஆனால் அத்தனை பெரிய நாவலை ஒரு மாதத்தில் எத்தனை பேர் முடிப்பார்கள்? முடிக்காதவர்கள் கூடக்கூட இதே ரகளைதான் திரும்ப நடக்கும். விடுமுறைக் காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

தாடிக்காரரைச் சமாதானப்படுத்த ஆன்டனி பெர்க்லியின் 'தி பாய்சன்ட் சாக்லேட்ஸ் கேஸ்' படித்தேன், 1929. நம்மைப் போலவே ஒரு வட்டம், ஆறு பேர். விஷம் வைத்த சாக்லேட் பெட்டி ஒருவருக்குத் தபாலில் வந்து, கைமாறிப் போய், வேறொரு பெண் இறந்துவிடுகிறாள். ஆறு பேரும் ஆளுக்கொரு முறை எழுந்து தன் தீர்வைச் சொல்கிறார்கள். ஒவ்வொன்றும் கேட்கும்போது சரியாகவே இருக்கிறது, அடுத்தவர் பேசும்வரை. படிக்கப் படிக்க அப்படி ஒரு உற்சாகம். ஆனால் இறந்துபோன அந்தப் பெண்ணைப் பற்றி யாருக்கும் பெரிதாகக் கவலை இல்லை. புதிர் அவிழ்ந்ததும் நமக்கும் அவள் மறந்துபோகிறாள். அது எனக்கு உறுத்துகிறது.

இளசுகள் கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' கேட்கிறார்கள். கொலை யார் கையால் நடந்தது என்று ஆரம்பத்திலேயே காட்டிவிட்டு, அதை மறைக்க ஒரு கணித ஆசிரியர் என்ன செய்தார் என்று நம்மைத் தேட வைக்கிற கதை. தாடிக்காரரின் வாதத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. ஆனால் பாதிப் பேர் ஏற்கெனவே படித்துவிட்டார்கள், பெரியவர் உட்பட. அவரை வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தைத் தொட எனக்குத் தைரியம் இல்லை.

என் ஓட்டு அகதா கிறிஸ்டியின் 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்' நாவலுக்கு, 1942. நீ படித்ததில்லை என்று நினைக்கிறேன். படித்திருந்தால் வாயைத் திறக்காதே.

ஒரு ஓவியன். தன் வீட்டுத் தோட்டத்தில் ஓர் இளம்பெண்ணை உட்காரவைத்து வரைந்துகொண்டிருக்கிறான். மனைவி வீட்டில் இருக்கும்போதே அந்தப் பெண்ணோடு தொடர்பு. ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு அவன் வரவில்லை. படத்தின் முன்னே அப்படியே உட்கார்ந்துவிடுவது அவன் வழக்கம் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு பார்த்தால் செத்துக் கிடக்கிறான், விஷம். மனைவிதான் செய்தாள் என்று தீர்ப்பாகி, அவள் சிறையிலேயே இறந்துபோகிறாள். பதினாறு வருடம் கழித்து மகள் துப்பறிவாளர் பொய்ரோவிடம் வந்து நிற்கிறாள். தான் நிரபராதி என்று அம்மா எழுதிவைத்த கடிதம் அவளிடம் இருக்கிறது.

இத்தனை வருடம் கழித்துப் போய்ப் பார்க்கக் கைரேகை கிடையாது, காலடித் தடம் கிடையாது. அன்று அங்கே இருந்த ஐந்து பேரின் ஞாபகம் மட்டும்தான். பொய்ரோ ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசுகிறார், பிறகு நடந்ததை எழுதித் தரச் சொல்கிறார். ஒரே வீடு, ஒரே பகல், ஐந்து பேர் எழுத்து. செத்துப்போன அந்த மனைவி ஒருத்தர் எழுத்தில் பொறாமை பிடித்தவள், இன்னொருத்தர் எழுத்தில் பாவம். அவளைப் பற்றி ஒவ்வொருவரும் எழுதுவதிலிருந்து எழுதுகிறவரைத்தான் நாம் தெரிந்துகொள்கிறோம். முடிவு தெரிந்தபின் அந்த ஐந்து பேர் எழுதியதையும் திரும்பப் படித்தேன். யாரும் சொல்லாமல் விட்டது எங்கே இருக்கிறது என்று பார்க்கப் பார்க்கக் கை நடுங்கியது. இதுதானே நாம் பேச வேண்டியது? உண்மை வெளியே வந்தபோது அதனால் காப்பாற்றப்பட வேண்டியவளே உயிரோடு இல்லையென்றால், அந்த உண்மை யாருக்காக?

டாக்டர் அம்மா அவர் கணவர் போனபிறகு மர்ம நாவலைத் தவிர வேறு எதையும் படிப்பதில்லை. உனக்கும் தெரிந்திருக்கும். ஏன் என்று ஒரு முறை தயங்கித் தயங்கிக் கேட்டேன். "செத்தவருக்காக ஒருத்தர் கடைசிவரை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறாரே, அதற்காக" என்றார். அதிலிருந்து தாடிக்காரர் இதைப் பொழுதுபோக்கு என்று தள்ளும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

பெரியவர் பிரச்சினைக்கும் இந்தப் புத்தகத்திலேயே வழி இருக்கிறது. நாவல் மூன்று பாகம். முதலில் விசாரணை, அடுத்தது அந்த ஐந்து பேர் எழுதித் தருவது, மூன்றாவதில்தான் விடை. இரண்டாம் பாகத்தோடு எல்லாரும் நிறுத்திவிட்டு முதல் கூட்டம் போடுவோம். ஆளுக்கு ஒரு சீட்டில் யார், ஏன் என்று எழுதி உறையில் போட்டுச் சின்னவளிடம் கொடுத்துவிட வேண்டும். பெயர் மட்டும் எழுதினால் செல்லாது, காரணம் கட்டாயம். அதன்பிறகு மூன்றாம் பாகம், இரண்டாவது கூட்டம், உறையைப் பிரிப்பது. பெரியவரிடம் பேசிவிட்டேன். அவருக்கும் அன்றிலிருந்து மனசு சரியில்லை. மூன்றாம் பாகத்தைக் கிளிப் போட்டு மூடி வைத்துக்கொள்கிறேன் என்று அவராகவே சொன்னார்.

சின்னவள் வருவாளா என்பதுதான் இன்னும் தெரியவில்லை. நீ அவளுக்கு ஒரு வரி எழுதேன். நீ சொன்னால் கேட்பாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு. அதற்குள் உன் பதில் வர வேண்டும். வேறு புத்தகம் சொல்வதானால் முழுக் காரணத்தோடு சொல், உன் பெயரில் நானே எழுந்து படிக்கிறேன். இதற்கே சம்மதம் என்றால் இரண்டாம் பாகம் வரை படித்துவிட்டு உன் சீட்டையும் உறையில் போட்டு ஒட்டி அனுப்பு. நான் பிரிக்க மாட்டேன், சத்தியம்.

அன்புடன்,
வத்சலா