அதிகாரம் இறங்கியது, கணக்கு இறங்கியதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வளரும் நாடுகளில் உள்ளூர்ப் பொருளாதாரச் சீர்திருத்தம் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். அதிகாரத்தையும் நிதியையும் தலைநகரிலிருந்து கீழே இறக்கிவிட்டால் மீதி தானாக நடந்துவிடும் என்கிற மாதிரி முடித்திருக்கிறீர்கள். எனக்கு அதில் பாதி சம்மதம்தான்.

இந்தோனேசியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2001 ஜனவரியில், ஏறக்குறைய ஒரே மூச்சில், கல்வி, சுகாதாரம், பொதுப்பணி என்று பெரிய பொறுப்புகளையெல்லாம் மாவட்டங்களிடமும் நகராட்சிகளிடமும் ஒப்படைத்தார்கள். சரி, நல்லதுதான். ஆனால் கையில் அதிகாரம் வந்ததும் பல மாவட்டங்கள் புதுப்புது வரி, கட்டணம், அனுமதி என்று போட ஆரம்பித்தன. முன்பு தலைநகரில் ஒருவரைக் 'கவனித்தால்' போதும் என்றிருந்த வியாபாரி, அப்புறம் போகிற வழியெல்லாம் கவனிக்க வேண்டியதாயிற்று. 2016-இல் ஜோகோ விடோடோ அரசு, முதலீட்டுக்கு இடைஞ்சல் என்று சொல்லி 3,143 உள்ளூர் விதிகளை ரத்து செய்தது. அடுத்த ஆண்டே, அப்படி ரத்து செய்ய உள்துறை அமைச்சருக்கு அதிகாரம் கிடையாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லிவிட்டது!

உகாண்டாவில் வேறு மாதிரி நடந்தது. தொடக்கப் பள்ளிகளுக்குச் சம்பளம் போக மற்ற செலவுகளுக்கென்று, மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என்ற கணக்கில், மத்திய அரசு ஒதுக்கிய பணம் மாவட்ட அலுவலகங்கள் வழியாகப் போனது. 1991 முதல் 1995 வரையிலான கணக்கைத் துருவிப் பார்த்தபோது, நூற்றுக்குச் சராசரியாக 13 பங்குதான் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பெரும்பாலான பள்ளிகள் ஒரு காசுகூடப் பார்க்கவில்லை. இப்படியொரு பணம் வர வேண்டும் என்பதே பல பெற்றோருக்குத் தெரியாது, பிறகு யார் போய்க் கேட்பது? அரசு என்ன செய்ததென்றால், எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்பதைப் பத்திரிகையில் வெளியிட்டது. வந்த தொகையைப் பள்ளியிலேயே எழுதி ஒட்டவும் சொன்னது. 2001-இல் நூற்றுக்கு 80-க்கு மேல் போய்ச் சேர்ந்தது. முழுப் புகழும் பத்திரிகைக்கே இல்லை, அதே காலத்தில் வேறு மாற்றங்களும் நடந்தன, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பத்திரிகை விற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பள்ளிகளுக்குத்தான் கூடுதலாகப் பணம் வந்து சேர்ந்தது என்பதைப் பிறகு ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

உங்கள் கட்டுரையில் எவ்வளவு நிதி இறங்கியது என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. அந்தக் கணக்கை ஊர்க்காரர் எங்கே போய்ப் பார்ப்பது என்று ஒரு வரிகூட இல்லையே? அடுத்த முறை அதையும் விசாரித்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்