பயன்பாட்டுக் கணிதப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே, வணக்கம். பாடத்திட்டத்தில் காந்தப் பாய்மங்களுக்கும் கொஞ்சம் இடம் கேட்டு எழுதுகிறேன்.

பாய்ம இயக்கவியல் வகுப்பில் ஒரு சின்னக் கனசதுரத்தை வரைந்து, தகைவு டென்சர் (பாய்மத்தின் உள்ளே ஒவ்வொரு பரப்பிலும் செயல்படும் விசைகளைக் காட்டும் 3×3 அட்டவணை) சமச்சீரானது என்று நிறுவி, அதன் ஒன்பது உறுப்புகளை ஆறாகக் குறைத்துவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நடத்தினேன். அதற்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது. பாய்மத்தின் பருமனில் வெளியிலிருந்து திருப்புவிசை, அதாவது சுழற்றும் விளைவு, எதுவும் வரக் கூடாது. அதை மாணவர்களிடம் நாம் அழுத்திச் சொல்வதே இல்லை.

ஃபெர்ரோஃப்ளூயிட் என்னும் காந்தப் பாய்மம் அந்த நிபந்தனையை மீறுகிறது. எடையற்ற நிலையில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுக்க, 1963-இல் நாசாவில் ஸ்டீவ் பாப்பெல் உருவாக்கியது அது. சுமார் 10 நானோமீட்டர் அளவுள்ள மேக்னடைட் துகள்கள் திரவத்தில் மிதக்கும். ஓட்டம் துகளைச் சுழற்றும், புலம் அதைப் பிடித்து நிறுத்தும். அப்போது காந்தமாக்கம், அதாவது துகள்கள் சேர்ந்து திரவத்துக்குத் தரும் காந்தத்தன்மை, புலத்தின் திசையிலிருந்து விலகி, திருப்புவிசை பிறக்கிறது. தகைவின் சமச்சீரும் போய்விடுகிறது.

குழாயில் ஓட்டத்துக்கு இணையாகப் புலம் இருந்தால் பாகுநிலை (ஓட்டத்தை எதிர்க்கும் தன்மை) கூடும் அளவு, குறுக்காக இருப்பதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. 1969-இல் மெக்டேக் இதை அளந்தார். 1972-இல் ஷ்லியோமிஸ், காந்தமாக்கம் தளர்ந்து மீள்வதற்கென்று தனிச் சமன்பாடு ஒன்றைச் சேர்த்து இதை விளக்கினார். வேகமாக மாறும் புலத்தில் துகள்கள் ஓட்டத்துக்கே கைகொடுத்து, பாகுநிலையைக் குறைக்கவும் செய்யும். 1995-இல் சோதனையிலும் அது தெரிந்தது. பாய்ம ஓட்டத்துக்கான வழக்கமான நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாட்டில் ஒரு விசையை மட்டும் ஒட்டவைத்தால் இவை எதுவும் கிடைக்காது.

பல பாடத்திட்டங்களில் காந்தப்புலம் என்றாலே மின்சாரம் கடத்தும் பாய்மங்களைப் பற்றிய காந்தப் பாய்ம இயக்கவியல், அதாவது எம்.எச்.டி. மட்டும்தான். அங்கே விசை மின்னோட்டத்திலிருந்து வருகிறது, இங்கே காந்தமாக்கத்திலிருந்து. இரண்டும் ஒன்றென்று நினைத்தே மாணவர்கள் பட்டம் பெற்றுப் போகிறார்கள். எனக்கு இது மிகவும் வருத்தம்.

காந்தப் பாய்மங்களைக் கற்பிக்கக் கணினி வசதி கூட வேண்டாம். செங்குத்துப் புலத்தில் திரவப் பரப்பு முள்முள்ளாக எழும்புவதை 1967-இல் கௌலியும் ரோசென்ஸ்வைக்கும் ஆராய்ந்தார்கள். ஆழமான திரவத்தில், தொடக்கநிலையில் முகடுகளின் இடைவெளியைத் தீர்மானிப்பவை பரப்பு இழுவிசை, அடர்த்தி, புவியீர்ப்பு ஆகிய மூன்று மட்டுமே. சுமார் ஒரு சென்டிமீட்டர் வரும். தாளும் பேனாவும் போதும், ஒரு பிற்பகலில் மாணவரே கண்டுபிடித்துவிடுவார்.

எம்.எச்.டி.யை எடுக்கச் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் காந்தப் பாய்மங்களுக்கு ஆறு மணி நேரம் கொடுங்கள். முதல் மணி நேரத்தில் அந்தக் கனசதுரத்தை மறுபடி வரைந்து, இந்த முறை திருப்புவிசையையும் சேர்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பாய்ம இயக்கவியல் ஆசிரியர் ஒருவர்